கூத்துப் பாட்டும் பக்திப் பாட்டும் வீட்டில் ரெக்கோர்ட் பண்ண எந்த லெப்டொப் எடுக்கலாம்?

கல்லடி_சுருதி:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு அறையில வச்சுப் பாட்டு ரெக்கோர்ட் பண்ண ஒரு லெப்டொப் எடுக்க வேணும். வேலை இரண்டு விதம். ஒண்டு, கோயில் திருவிழாவுக்குப் போடுற பக்திப் பாட்டு. குரலும் ஆர்மோனியமும் மைக்கில, மிச்சமெல்லாம் கீபோர்டில மிடியா (எந்தக் கட்டையை எப்ப அமத்தினது எண்ட தகவல் மட்டும், சத்தம் கொம்பியூட்டரில வரும்) வாசிக்கிறது. மற்றது வடமோடி எண்ட நாட்டுக்கூத்து வகையின்ட பாட்டு. அண்ணாவியார் (கூத்தைப் பழக்கி நடத்துற ஆசான்) குரல், மத்தளம், சல்லரி (சின்னக் கைத்தாளம்), பிற்பாட்டு (பின்னால சேர்ந்து பாடுறது). ஒரு பாட்டுக்கு 20, 25 ட்ராக் வரும். பதியிற சொஃப்ட்வெயார் ரீப்பர்.

லெப்டொப், இன்டர்பேஸ் (மைக்கை லெப்டொப்போட இணைக்கிற பெட்டி), மைக், ஹெட்போன் எல்லாம் சேர்த்து இரண்டேகால் இலட்சம் ரூபாவுக்குள்ள முடிய வேணும். மட்டக்களப்பு டவுனிலயும் கல்முனையிலயும் விசாரிச்சதில நாலு கைவசம் இருக்கு. புதுசில செலரோன் என்4500 (8 ஜீபி ரேம், 256 ஜீபி எஸ்எஸ்டி) ஒண்டு, கோர் ஐ3-1215யூ (8 ஜீபி, 512 ஜீபி) ஒண்டு. பாவிச்சதில திங்க்பேட் டி480, ஐ5-8350யூ (16 ஜீபி, 256 ஜீபி) ஒண்டு. இன்னொரு பாவிச்சது ஐ7-6600யூ, 16 ஜீபி. கடைக்காரர் இந்த ஐ7ஐத்தான் எடுக்கச் சொல்லுறார்.

எதை எடுக்கலாம்? கடையில நிண்டு என்னத்தைப் பார்க்க வேணும்?


காரைதீவு_ஒலி:

தம்பி, ஐ7ஐ முதலில் தள்ளி வைங்க. ஐ3, ஐ5, ஐ7 என்ற பெயரை விட, அதற்குப் பின்னால் வரும் இலக்கம்தான் முக்கியம். 6600 என்றால் ஆறாம் தலைமுறை. அந்த யூ வகை ஐ7இல் இரண்டு கோர் (கணக்குப் பார்க்கும் பகுதி), நாலு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை) மட்டும்தான். 8350இல் நாலு கோர், எட்டு த்ரெட். ஆறாம், ஏழாம் தலைமுறைக்கு விண்டோஸ் 11 முறையாக ஏறாது. எட்டாம் தலைமுறையில் இருந்துதான் இன்டெலுக்கு அனுமதி. விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டது. கடைகளில் குவிந்து கிடக்கும் பழைய ஐ7கள் பெரும்பாலும் இந்த வகைதான்.

செலரோனும் வேண்டாம். இரண்டு கோர், இரண்டு த்ரெட். வெறும் குரல் மட்டும் எடுக்க ஓடும். ஒரு பியானோவும் நல்ல ரிவர்ப் (எதிரொலி எஃபெக்ட்) ஒன்றும் ஏற்றினால் சத்தம் வெட்டத் தொடங்கும்.

மிச்சம் இரண்டு. அதில் தெரிவு செய்ய முதல் ஒரு விசயத்தைப் பிரித்து விளங்க வேணும். பாட்டுக்காரர் பாடுவதைப் பதிவது வேறு வேலை, கீபோர்டை அமத்தின உடனே சத்தம் கேட்க வேண்டியது வேறு வேலை. முதலாவதுக்கு லெப்டொப் வேகம் அவ்வளவாகத் தேவைப்படாது. இன்டர்பேஸில் ‘டைரக்ட் மொனிட்டர்’ பொத்தான் இருக்கும். அதை அமத்தினால் பாடுகிறவரின் குரல் கொம்பியூட்டருக்குள் போய்த் திரும்பாமல் நேராக ஹெட்போனுக்கு வரும். அப்ப பஃபரை (கொம்பியூட்டர் ஒரு தடவையில் சேர்த்துக் கையாளும் சத்தத் துண்டின் அளவு) 1024இல் வைத்தாலும் பாடுகிறவருக்குப் பிந்திக் கேட்காது. அந்தப் பொத்தானை அமத்தும்போது ரீப்பரில் அந்த ட்ராக்கின் மொனிட்டரை நிறுத்துங்க, இல்லாவிட்டால் குரல் இரண்டாகக் கேட்கும்.

மிடி கீபோர்டுக்கு இந்த வழி இல்லை. சத்தமே கொம்பியூட்டருக்குள்தானே பிறக்கிறது. 48,000 ஹெர்ட்ஸில் (செக்கனுக்கு 48,000 சாம்பிள்) 128 சாம்பிள் பஃபர் என்றால் 2.7 மில்லிசெக்கன். 256 என்றால் 5.3. 1024 என்றால் 21க்கு மேல். இதோடு இன்டர்பேஸின் சொந்தத் தாமதமும் கொஞ்சம் சேரும். 1024இல் தவில், தபேலா சத்தங்களை விரலால் தட்டித் தாளம் பிடிக்கவே முடியாது. ஆகவே உங்கட லெப்டொப்பை அளக்க வேண்டிய இடம், 128இல் அல்லது 256இல் வெட்டாமல் ஓடுதா என்பதுதான்.

இதிலே கோர் எண்ணிக்கையை விட ஒரு கோரின் வேகம் பெரிசு. ஒரு ட்ராக்கில் வாத்தியம், இக்வலைசர், கொம்ப்ரெசர், ரிவர்ப் என்று வரிசையாகப் போட்டால், ஒன்று முடித்துக் கொடுத்தால்தான் அடுத்தது தொடங்கும். அதைப் பல கோருக்குப் பிரித்துக் கொடுக்க ஏலாது. அந்த வகையில் 1215யூ முந்தும். அதன் பெரிய கோர்கள் இரண்டும் 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், வடிவமைப்பும் புதிது. 8350யூ 3.6 வரைதான்.

என்ர தெரிவு 1215யூ, ஆனால் ஒரு நிபந்தனையோடு: ரேம் கூட்டுவதற்கு ஸ்லொட் ஒன்று இருக்க வேணும். டாஸ்க் மனேஜரில் பெர்ஃபோமன்ஸ், பிறகு மெமரி போனால் ‘ஸ்லொட்ஸ் யூஸ்ட்’ என்று காட்டும். இரண்டில் ஒன்று என்று வந்தால் நல்லது. அது மட்டும் போதாது, மொடல் இலக்கத்தைப் போட்டுத் தயாரிப்பாளரின் பக்கத்திலும் பாருங்க, ரேமைப் போர்டோடு ஒட்டிய மொடல்கள் நிறைய. 8 ஜீபியோடு நிற்கிற லெப்டொப்பில் விண்டோஸே பாதிக்குக் கிட்ட எடுத்துவிடும். சாம்பிள் வாத்தியம் (உண்மை வாத்தியத்தைப் பதிந்த சத்தத்தில் ஓடும் சொஃப்ட்வெயார்) நாலைந்து ஏற்றின உடனே எஸ்எஸ்டியில் இருந்து மாற்றி மாற்றி எடுக்கத் தொடங்கும், அங்கேதான் ‘டக் டக்’ வெட்டு வரும்.

இன்டர்பேஸுக்கு இரண்டு மைக் வாய் கட்டாயம். மத்தளத்தின் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக எடுக்காமல் கூத்துச் சத்தம் வராது. பெஹ்ரிங்கர் யூஎம்சி202எச்டி உங்கட காசுக்குப் பொருந்தும். அதற்குச் சொந்த ஏசியோ ட்ரைவர் (விண்டோஸில் சத்தத்தைத் தாமதம் குறைவாகக் கொண்டு போகும் சொஃப்ட்வெயார்) இருக்கு, 24 பிட்டில் பதியும். விலை குறைந்த யூஎம்2, யூஎம்சி22 இரண்டிலும் மைக் வாய் ஒன்றுதான், அதோடு ஏசியோ4ஓல் என்ற பொது ட்ரைவரைப் போட்டுத்தான் சமாளிக்க வேண்டி வரும்.


கல்முனை_பெஞ்ச்:

அஸ்ஸலாமு அலைக்கும். காரைதீவு அண்ணன் சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனா நான் டி480 பக்கம்தான் நிற்பன். காரணம் வேகம் இல்ல, திறந்து வேலை செய்யலாம் எண்டதுதான். ரேமுக்கு இரண்டு ஸ்லொட் இருக்கு. பின்மூடியைக் கழட்டினா ஃபேன், ஸ்டோரேஜ் எல்லாம் கைக்கு எட்டும். பற்றரி உள்ளுக்கு ஒண்டு, பின்னால கழட்டுறது ஒண்டு. புது லெப்டொப் வாங்கி ரேமும் கூட்டினா இந்த பட்ஜெட்டில மைக்குக்குக் காசு மிஞ்சாது. மைக் மோசமா இருந்தா எந்த ப்ரொசெசரும் பாட்டைத் தூக்காது.

பெயர் கவனம், டி480எஸ் எண்டது வேற. அதில ரேம் பாதி போர்டில ஒட்டினது, ஸ்லொட் ஒண்டுதான்.

கடைக்குப் போகக்குள்ள பென்டிரைவ் ஒண்டில லேட்டன்சிமொன் (ட்ரைவர் தாமதம் அளக்கிறது), கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ (எஸ்எஸ்டி நிலை காட்டுறது), ரீப்பர், ஏசியோ4ஓல் நாலையும் போட்டுக் கொண்டு போங்க. யாரிட்டயாவது இன்டர்பேஸ் இரவல் கிடைச்சா இன்னும் நல்லம். கல்லடியில விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்தில படிக்கிற பிள்ளைகளிட்டக் கேட்டுப் பாருங்க.

முதல் வேலை பற்றரி. கொமாண்ட் ப்ரொம்ப்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி எண்டு அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் எண்டு சேர்த்து அடிச்சா ஒரு அறிக்கை வரும். அதில டிசைன் கெப்பாசிட்டியையும் ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டியையும் ஒப்பிடுங்க. பாதிக்குக் கீழ போயிருந்தா பற்றரிக் காசை விலையில கழிக்கச் சொல்லுங்க. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில எஸ்எஸ்டி நிலை ‘குட்’ எண்டு நீலத்தில வரவேணும், மஞ்சள் எண்டா வேணாம்.

அடுத்தது சார்ஜ் ஓட்டை. டி480க்குச் சார்ஜ் ஏறுறது யூஎஸ்பி-சி வழியாத்தான், அந்த மாதிரி இரண்டு ஓட்டை இருக்கு. சார்ஜரை இரண்டிலயும் மாறி மாறிக் குத்திப் பாருங்க, இரண்டிலயும் ஏற வேணும். இதில ஒரு ஓட்டை தண்டர்போல்ட் எண்ட வேகமான வகை. அதின்ட ஃபேர்ம்வெயார் (உள்ளே பதிஞ்ச சொஃப்ட்வெயார்) பழசா இருந்தா அந்த ஓட்டை காலப்போக்கில செயலிழக்கிற பிரச்சினை இருந்தது. லெனோவோ அதுக்குத் திருத்தம் விட்டிருக்கு. வாங்கின அண்டைக்கே லெனோவோ அப்டேட்டில போய் அதை ஏத்துங்க. சார்ஜர் 65 வாட்டா எண்டும் பாருங்க. போன் சார்ஜரைக் குத்திக் காட்டினா ப்ரொசெசர் வேகத்தை இறக்கிப் போடும், சோதனையே பிழைச்சுப் போகும்.

இப்ப முக்கியமானது. லேட்டன்சிமொன்னைத் திறந்து ஸ்டார்ட் அமத்திட்டு பத்து நிமிசம் விடுங்க. வைஃபை போட்டபடி ஒருக்கா, நிறுத்திட்டு ஒருக்கா. ‘ஹையஸ்ட் டிபிசி’ எண்ட இடத்தில மைக்ரோசெக்கன் காட்டும். 500க்குள்ள நிண்டா பயமில்ல. 1000ஐத் திரும்பத் திரும்பத் தாண்டினா 128 பஃபரில வெட்டும். டிபிசி எண்டது ட்ரைவர்கள் ப்ரொசெசரை இடையில மறிச்சு எடுக்கிற நேரம். வைஃபை ட்ரைவரோ பற்றரி நிர்வாகமோ ஒரு மில்லிசெக்கன் மறிச்சா, உங்கட 2.7 மில்லிசெக்கனில மூண்டில ஒரு பங்கு அதிலயே போச்சு. எட்டு கோர் இருந்தாலும் இது நடக்கும். எந்த ட்ரைவர் மறிக்குது எண்டு ‘ட்ரைவர்ஸ்’ பக்கத்தில பெயரோட கிடக்கும். வைஃபையை நிறுத்தினதும் இறங்கினா பிரச்சினை இல்ல, ரெக்கோர்ட் பண்ணக்குள்ள நிறுத்தி வைக்கலாம். நிறுத்தியும் இறங்காட்டி அந்தப் பெட்டியை விட்டுட்டு அடுத்ததைப் பாருங்க.

கடைசியா ரீப்பரில ஒரு ட்ராக். அதில ரீப்பரோட வாற ரியாசிந்த் (வாத்தியம்), ரியாவேர்ப் (ரிவர்ப்), ரியாகொம்ப் (கொம்ப்ரெசர்) போட்டு, ஏதாவது நாலு நோட்டை லூப்பில விட்டு, 128 பஃபரில ட்ராக்கைப் பிரதி எடுத்துக் கொண்டே போங்க. எத்தினையாவது ட்ராக்கில வெட்டுது எண்டு எழுதி வைங்க. இரண்டு கடையிலயும் ஒரே ப்ரொஜெக்டைப் போட்டுப் பார்த்தா எது நல்லம் எண்டு நீங்களே சொல்லுவீங்க. வெட்டுற எல்லைக்குக் கொஞ்சம் கீழ வச்சு கால் மணித்தியாலம் ஓடவும் விடுங்க. நம்மட வெக்கைக்கு, பாவிச்ச லெப்டொப்பில தேர்மல் பேஸ்ட் (ப்ரொசெசர் சூட்டைக் கடத்துற பசை) காய்ஞ்சு போயிருந்தா முதல் ஐந்து நிமிசம் நல்லா ஓடிட்டுப் பிறகு வேகத்தை இறக்கும். அப்படி இருந்தா பேஸ்ட் மாத்தி, ஃபேன் தூசி எடுத்தாச் சரி, பெரிய செலவில்ல.


கல்லடி_சுருதி:

மிச்சம் நன்றி அண்ணன், நானா. 1215யூவின்ட மொடலைத் தேடிப் பார்த்தன். 8 ஜீபியும் போர்டில ஒட்டினது, ஸ்லொட் இல்ல. டி480 பார்த்த கடையில லேட்டன்சிமொன் வைஃபை இல்லாம 300க்குக் கிட்டத்தான் காட்டினது. சார்ஜ் இரண்டு ஓட்டையிலயும் ஏறுது.

இடையில ஒருவர் மெக்புக் எயார் எம்1, 8 ஜீபி, பாவிச்சது தாறன் எண்டு சொல்லுறார். விலை டி480ஐ விடக் கூட. அதுக்குப் போகலாமா? அடுத்தது, சார்ஜர் குத்தினபடி ரெக்கோர்ட் பண்ணினா ‘ஙீ’ எண்டு ஒரு சத்தம் வரும் எண்டு சொல்லுறாங்க. அது எல்லா லெப்டொப்பிலயும் வருமா?


அக்கரை_மிக்ஸ்:

எம்1 எயார் ஓடியோவுக்கு உண்மையிலயே நல்ல பெட்டி. ஃபேனே இல்லாததால மைக்குக்குப் பக்கத்தில வச்சாலும் சத்தம் இல்ல. ஏசியோ ட்ரைவர் தேடத் தேவையில்ல, கரேஜ்பேண்ட் இலவசம். ஆனா ரேமும் ஸ்டோரேஜும் பிறகு கூட்டவே ஏலாது. யூஎஸ்பி-சி ஓட்டை இரண்டுதான், அதிலதான் சார்ஜரும் இன்டர்பேஸும் கீபோர்டும் போக வேணும். ஸ்கிரீன் போனா ரீபெயார்ச் செலவு அதிகம். குரலும் ஆர்மோனியமும் மட்டும் எண்டா அதை எடுங்க எண்டு சொல்லுவன். உங்களுக்கு சாம்பிள் வாத்தியம் கனக்க, மைக்குக்கும் காசு வேணும். அதால டி480.

எம்1க்குத்தான் போறீங்க எண்டா ஒண்டு மட்டும்: விற்கிறவர் உங்களுக்கு முன்னால ஐகிளவுட்டில இருந்து வெளியேறி, மெஷினை முழுசா அழிச்சு, புதுசு மாதிரி செட்டப் திரை வரவேணும். பூட்டு விழுந்த மெக்புக்கை வாங்கினா ஒண்டுக்கும் உதவாது.

256 ஜீபி உங்களுக்குக் காணாது. 24 பிட், 48,000இல ஒரு மோனோ ட்ராக் நிமிசத்துக்கு 8.6 எம்பி பிடிக்கும். ஆறு நிமிசப் பாட்டுக்கு 20 ட்ராக் எண்டா 1 ஜீபி, அதுவும் ஒரு டேக்குக்கு. அண்ணாவியார் மூண்டு தரம் பாடினா மூண்டு மடங்கு. சாம்பிள் லைப்ரரி ஒவ்வொண்டும் இன்னும் பெரிசு. 512 ஆக மாத்தச் சொல்லிப் பேசுங்க, பழைய 256ஐ யூஎஸ்பி கவரில போட்டு பெக்கப்புக்கு வைங்க.

வாங்கின பிறகு விண்டோஸில செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பவர் பிளானை ‘ஹை பெர்ஃபோமன்ஸ்’ ஆக்கி, அதிலயே ‘யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’டை நிறுத்துங்க. இதை விட்டா இன்டர்பேஸ் இடையில மறைஞ்சு போகும். ப்ரொஜெக்ட் ஃபோல்டரை வன்ட்ரைவ் சிங்கில இருந்தும் என்டிவைரஸ் ஸ்கேனில இருந்தும் விலக்கி வைங்க. இன்டர்பேஸை ஹப்பில குத்த வேணாம், லெப்டொப்பில நேரா. சாம்பிள் ரேட் விண்டோஸிலயும் ரீப்பரிலயும் ஒண்டா 48,000 இருக்க வேணும், இல்லாட்டி சுருதி ஏறி இறங்கிக் கேட்கும்.

ரீப்பரில பஃபரிங் பக்கத்தில ‘என்டிசிபேட்டிவ் எஃப்எக்ஸ்’ எண்டு ஒண்டு இருக்கு, அதைப் போட்டே வைங்க. முதலே பதிஞ்ச ட்ராக்குகளை அது முன்கூட்டியே கணக்குப் பண்ணி வச்சிரும். நீங்க இப்ப வாசிக்கிற ட்ராக் மட்டும்தான் 128இல நெருக்கடியா ஓடும். அதுக்கும் மேல பாரமா இருந்தா முடிஞ்ச மிடி ட்ராக்கை வலது கிளிக்கில ஃப்ரீஸ் பண்ணுங்க. வாத்தியம் ரேமில இருந்து இறங்கும், தேவைப்பட்டா பிறகு அன்ஃப்ரீஸ் பண்ணித் திருத்தலாம். மிக்ஸ் பண்ணக்குள்ள பஃபரை 1024க்குக் கூட்டுங்க.

ரீப்பர் 60 நாள் சும்மா பாவிக்கலாம், பிறகு தனியாளுக்கு லைசன்ஸ் 60 டொலர். உடைச்ச பிளகின்கள் ஏத்த வேணாம். வைரஸ் ஒரு பக்கம், பாதி வேலை செய்யிற பிளகின் ப்ரொஜெக்டைத் திறக்கக்குள்ள ரீப்பரையே விழுத்தும்.


காரைதீவு_ஒலி:

‘ஙீ’ சத்தத்துக்கு வருவம். அது எல்லா லெப்டொப்பிலும் வராது. வந்தால் பெரும்பாலும் காரணம் எர்த். சார்ஜரைக் கழட்டிப் பற்றரியில் ஓட விடுங்க. சத்தம் உடனே நின்றால் சார்ஜர் வழியாக வருவது உறுதி. நிற்காவிட்டால் மைக் கேபிளையும் இன்டர்பேஸ் கெயினையும் (மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு) பாருங்க.

நம்மட பக்கத்துப் பழைய வீடுகளில் எர்த் வயர் இழுக்காமலே மூன்று ஓட்டைப் பிளக் போட்டிருப்பார்கள். லெப்டொப்பின் உலோகப் பகுதியைத் தொட்டால் சுள்ளென்று இலேசாக ஏறுமே, அது இதால்தான். அதே கசிவு ஸ்பீக்கர் வயரிலும் கீபோர்ட் வயரிலும் கீச்சென்று கேட்கும். எர்த் பின்னை முறிக்கிற வேலை மட்டும் வேண்டாம், உயிராபத்து. வயர்மேனைப் பிடித்து எர்த் ரொட்டைச் சரிபார்க்கச் சொல்லுங்க. லெப்டொப்பையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்சனில் குத்துங்க. ஸ்பீக்கருக்கு பலன்ஸ்ட் கேபிள் (இடையில் ஏறும் இரைச்சலைக் கழிக்கிற வகை) போடுங்க. கீபோர்டின் சத்தத்தை நேராகப் பதிவதென்றால் இடையில் ஒரு டிஐ பெட்டி (கீபோர்ட் சிக்னலை மைக் வாய்க்கு ஏற்றதாக மாற்றுவது). குரல் எடுக்கும்போது பற்றரியில் ஓடுவது எல்லாவற்றிலும் சுலபம். இன்டர்பேஸும் யூஎஸ்பியிலிருந்தே கரண்ட் எடுப்பதால், கரண்ட் போனாலும் டேக் நிற்காது.

ஒக்டோபர், நவம்பரில் இடி முழங்கத் தொடங்கினால் சார்ஜரையும் ஸ்பீக்கரையும் சுவரில் இருந்து கழட்டி விடுங்க. சர்ஜ் புரொடெக்டரை நம்பி விட வேண்டாம்.

கல்லடியில் கடற்கரைப் பக்க வீடென்றால் உப்புக்காற்றும் ஒரு பிரச்சினை. யூஎஸ்பி ஓட்டையும் மைக் வாயும் பச்சை பிடிக்கும், பிறகு கரகரக்கும். பாவிக்காத நேரம் இன்டர்பேஸையும் மைக்கையும் மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைங்க.


கல்முனை_பெஞ்ச்:

ஃபேன் சத்தத்துக்கு ஒரு வழி. டி480இல பவர் பிளானின்ட உள் செட்டிங்கில ‘மெக்சிமம் ப்ரொசெசர் ஸ்டேட்’டை 99 ஆக்கினா டேர்போ வேகம் நிண்டிரும், சூடும் குறையும், ஃபேன் மெதுவாகும். குரல் எடுக்கக்குள்ள 99, மிடி வாசிக்கக்குள்ளயும் மிக்ஸுக்கும் 100. அதோட 5 மீட்டர் மைக் கேபிள் ஒண்டு வாங்கி, லெப்டொப்பை மைக்கின்ட முதுகுப் பக்கம் தூரத்தில வைங்க. சீலிங் ஃபேனை நிப்பாட்ட வேணும், அதுக்கு வேற வழி இல்ல.


கல்லடி_சுருதி:

அப்ப டி480ஐயே எடுக்கிறன், 512 மாத்தித் தாறதெண்டு கடைக்காரரும் ஒத்துக் கொண்டார். மைக் என்ன மாதிரி? கொண்டென்சரா, டைனமிக்கா? மத்தளத்துக்கு எங்க வைக்கிறது?


காரைதீவு_ஒலி:

சுவருக்கு ஒன்றும் ஒட்டாத அறை, வெளியே காகம், ஆட்டோ, கடல். இந்த நிலைக்கு டைனமிக் இரண்டு எடுங்க. கொண்டென்சர் பக்கத்து வீட்டு டீவியையும் சேர்த்துப் பிடிக்கும். ஷூர் எஸ்எம்57, 58 இரண்டுக்கும் போலி நிறைய உலாவுது. விலை நம்ப முடியாத மலிவாக இருந்தால் எடுக்க வேண்டாம். ஹெட்போன் காதை மூடுகிற வகை, ஓடியோ டெக்னிகா எம்20எக்ஸ் போதும்.

மத்தளத்துக்கு ஒவ்வொரு பக்கத் தோலுக்கும் ஒரு மைக், ஏறத்தாழ ஒரு சாண் தள்ளி, தோலின் நடுவைப் பாராமல் விளிம்புக்கும் நடுவுக்கும் இடையில் சரித்து வைங்க. அண்ணாவியாரைப் பலமாக அடிக்கச் சொல்லி, உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை நிறுத்துங்க. ஆட்டத்தின் நடுவில் இன்னும் பலமாகத்தான் அடிப்பார். பிறகு ரீப்பரில் இரண்டு ட்ராக்கையும் நடுவில் வைத்துக் கேட்டபடி, ஒன்றின் ‘ஃபேஸ்’ (சத்த அலையைத் தலைகீழாக்கும்) பொத்தானைப் போட்டும் எடுத்தும் பாருங்க. ஒரு பக்கம் அடிக்கும்போது காற்று மற்றப் பக்கத் தோலை வெளியே தள்ளும், அதனால் இரண்டு மைக்கும் எதிரெதிராகப் பதிந்து அடிச்சத்தத்தைத் தின்றுவிடலாம். எந்த நிலையில் தொம் கனமாகக் கேட்குதோ அதில் விட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் இக்வலைசரில் கை வைக்க வேணும்.

சல்லரியை அதே டேக்கில் மத்தளத்துக்குப் பக்கத்தில் தட்ட விட வேண்டாம். அந்தக் கூர்ச்சத்தம் இரண்டு மைக்கிலும் ஏறி, பிறகு பிரிக்கவே ஏலாது. மத்தளத்தையும் பாட்டையும் முடித்துவிட்டு, ஹெட்போனில் கேட்டபடி சல்லரியைத் தனி ட்ராக்கில் போடுங்க.